அத்தா கஞ்சி கேட்கிறார்

(நோயாளிகளை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் குடும்பங்களுக்காக நம் அறக்கட்டளை குன்றாண்டார்கோவிலில் நடத்திய சந்திப்பில், ஓய்வுபெற்ற செவிலியரான சகோதரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பெயர் போட வேண்டாம் என்பது அவரது விருப்பம்.)



போன சந்திப்பில் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்வது பற்றிப் பேசினோம். இன்று பேசப் போவது மருந்து, மெத்தை சம்பந்தப்பட்டது அல்ல. பல வீடுகளில் நடக்கிற ஒன்று. நடக்கும்வரை யாரும் அதைப் பற்றிச் சொல்லித் தருவதில்லை. நடந்து முடிந்த பிறகு வருஷக்கணக்கில் மனதைப் போட்டு அரிக்கும்.

"இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள்" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். அத்தா பத்து நாளாகக் கண் திறக்கவில்லை. பெற்ற மகளையே யார் என்று தெரியவில்லை. ஒரு நாள் காலையில் கண்ணைத் திறக்கிறார். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். தலையணையைச் சாய்த்து வைக்கச் சொல்கிறார். கஞ்சி கேட்கிறார். கண்மாயில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது, அந்த வெள்ளாட்டை வித்தாச்சா என்றெல்லாம் விசாரிக்கிறார்.

உடனே வீடு இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு கூட்டம், "அல்ஹம்துலில்லாஹ், அத்தா பொழச்சுட்டாங்க" என்று சொல்லி, வந்துகொண்டிருக்கும் மகனுக்குப் போன் போட்டு "அவசரமில்லை, லீவு போட வேணாம்" என்கிறது. இன்னொரு கூட்டம் அடுப்படியில் நின்று, "அணையப் போற விளக்கு பிரகாசமாத்தான் எரியும்" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறது. நடுவில் அத்தா கஞ்சிக்குக் காத்திருக்கிறார். அந்தக் கஞ்சியைத்தான் இரண்டு கூட்டமும் மறந்துவிடுகிறது!

நம் சமுதாயத்துக்கு இது புதிய விஷயம் அல்ல. ஹிஜ்ரி 11, ரபீஉல் அவ்வல் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை மதீனாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் கடும் காய்ச்சலிலும் தலைவலியிலும் பல நாட்கள் கிடந்தார்கள். பள்ளிக்கு வர முடியாமல் அபூபக்ர் (ரலி) அவர்களைத் தொழவைக்கச் சொல்லியிருந்தார்கள். அந்தத் திங்களன்று ஃபஜ்ருத் தொழுகை நடந்துகொண்டிருக்கும்போது, ஆயிஷா (ரலி) அவர்களின் அறைத் திரை விலகுகிறது. நபியவர்கள் நின்று பார்க்கிறார்கள், புன்னகைக்கிறார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிற செய்தி இது. சந்தோஷத்தில் தோழர்களுக்குத் தொழுகையே குலைந்துவிடும் போலாகிவிட்டது. தொழவைக்க வருகிறார்கள் என்று நினைத்து அபூபக்ர் (ரலி) பின்னால் நகர்ந்தார்கள். அப்படியே தொழுது முடியுங்கள் என்று சைகை காட்டிவிட்டு நபியவர்கள் திரையை விட்டுவிட்டார்கள். அன்றைய தினமே வஃபாத் ஆனார்கள்.

இந்தச் சம்பவத்தை நாம் பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். நோயாளி இருக்கிற வீட்டுக் கண்ணோடு ஒரு தடவை பார்க்கலாம் என்பதற்காகத்தான் சொல்கிறேன். அந்த ஒரு நாளில், அந்த வீட்டைச் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டார்கள்.

அலீ (ரலி) அவர்கள் அறையிலிருந்து வெளியே வருகிறார்கள். எப்படி இருக்கிறார்கள் என்று மக்கள் கேட்க, அல்லாஹ்வின் அருளால் குணமாகிவிட்டார்கள் என்று பதில் சொல்கிறார்கள். அப்போது அப்பாஸ் (ரலி) அவர்கள் அலீயின் கையைப் பிடிக்கிறார்கள். அப்துல் முத்தலிபின் குடும்பத்தாருக்கு மரணம் நெருங்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று தமக்குத் தெரியும், இந்த நோயிலிருந்து அவர்கள் எழ மாட்டார்கள் என்றே தோன்றுகிறது என்கிறார்கள். இது புகாரியில் பதிவான செய்தி. அந்தத் திங்கட்கிழமைதான் இது நடந்தது என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். பாருங்கள், நாம் சொன்ன அந்த இரண்டு கூட்டமும் நபியின் வீட்டு வாசலிலேயே இருந்திருக்கிறது. இரண்டு பேருமே அன்பில்தான் பேசினார்கள். ஒருவர் இளையவர், ஆசைப்பட்டதைக் கண்டார். இன்னொருவர் பெரியவர், குடும்பத்தில் பல மவ்த்துகளைப் பார்த்தவர். ஆகவே உங்கள் வீட்டில் யாராவது "நம்பிக்கை இல்லாதவன்" என்றும், யாராவது "விவரம் தெரியாதவள்" என்றும் ஏச்சு வாங்கினால், தயவுசெய்து இந்தச் செய்தியை ஞாபகப்படுத்துங்கள்.

அப்பாஸ் (ரலி) அவர்கள் அதோடு நிற்கவில்லை. உள்ளே போய், பொறுப்பு யாருக்கு என்று இப்போதே கேட்டுவிடுவோம் என்றார்கள். அலீ (ரலி) அவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்தக் கேள்வி அன்று அந்தப் படுக்கைக்குக் கொண்டுபோகப்படவே இல்லை. நான் அதிகம் விளக்கவில்லை. பத்திரமும் மை டப்பாவும் தயாராக வைத்துக்கொண்டு, எப்போது நினைவு வரும் என்று காத்திருக்கிற வீடுகளை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்தது. ஆயிஷா (ரலி) அவர்களின் மீது நபியவர்கள் சாய்ந்திருக்கிறார்கள். ஆயிஷாவின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) கையில் மிஸ்வாக் குச்சியோடு உள்ளே வருகிறார். நபியவர்களின் பார்வை அந்தக் குச்சியின் மேல் போவதை ஆயிஷா கவனிக்கிறார்கள். வேண்டுமா என்று கேட்கிறார்கள். தலையசைப்பு வருகிறது. வாங்கிக் கொடுக்கிறார்கள், அது கடினமாக இருக்கிறது. மென்மையாக்கித் தரட்டுமா என்று கேட்கிறார்கள். மறுபடியும் தலையசைப்பு. தம் பல்லால் மென்று பதமாக்கிக் கொடுக்கிறார்கள். கண் எங்கே போகிறது என்று பார்ப்பது, வேண்டுமா என்று கேட்பது, பதிலுக்குக் காத்திருப்பது, பதமாக்கிக் கொடுப்பது. நாங்கள் நர்சிங்கில் வருஷக்கணக்காகப் படித்ததை அந்த அறையில் ஒரு இளம் மனைவி, யாரும் சொல்லித் தராமல் செய்திருக்கிறார்கள். வாய் சுத்தமாக, ஈரமாக இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று கடைசி நாட்களில் இருக்கிற நோயாளியைத்தான் கேட்க வேண்டும்.

இதே நோயின்போது வேறொன்றும் நடந்தது. நபியவர்கள் மயக்கத்தில் இருந்தபோது வாயின் ஓரமாக மருந்து புகட்டினார்கள். வேண்டாம் என்று நபியவர்கள் சைகை செய்தார்கள். நோயாளிக்கு மருந்து பிடிக்காதுதானே என்று வீட்டார் விடவில்லை. தெளிந்ததும் நபியவர்கள் அதைக் கண்டித்தார்கள், தடுத்தேனே என்றார்கள். இதுவும் புகாரியில் இருக்கிறது. நோயாளி தலையைத் திருப்பிக்கொண்டால் அது ஒரு பதில். மூக்கைப் பிடித்து ஊற்றுகிற பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது.

சரி, மருத்துவம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? பெஞ்சமின் ரஷ் என்ற அமெரிக்க மருத்துவர் 1812லேயே, மனநோயாளிகள் சிலருக்கு மரணத்துக்கு முன்னால் புத்தி தெளிவதைப் பற்றி எழுதியிருக்கிறார். 2009ல் ஜெர்மனியைச் சேர்ந்த மைக்கேல் நாம் என்ற உயிரியலாளர் இதற்குத் தனிப் பெயர் வைத்து, பழைய பதிவுகளைத் திரட்டினார். அதே வருஷம் நியூசிலாந்தில் மக்லவுட் என்ற மருத்துவர் தம் ஹாஸ்பிஸில் நிகழ்ந்த 100 மரணங்களைக் கவனித்து, 6 பேருக்கு இப்படிப்பட்ட தெளிவு வந்ததாக எழுதினார். காரணம் என்ன என்பதை இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. வந்த தெளிவு சிலருக்குச் சில மணி நேரம், சிலருக்கு ஓரிரு நாள் நிற்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எல்லாத் தெளிவும் இந்தத் தெளிவு அல்ல. கிருமித் தொற்று குறைந்திருக்கலாம். வலிக்குச் சரியான மருந்து கிடைத்ததால் தூங்கி எழுந்திருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரையால் பசி வந்திருக்கலாம். இரவில் பிதற்றி, பகலில் தெளிவாகிற நோயாளிகளும் உண்டு. ஆகவே கஞ்சி கேட்டதும் "நேரம் வந்துவிட்டது" என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் மக்காவில் மரணத்தின் விளிம்பில் கிடந்தார்கள். சொத்தை என்ன செய்வது என்று நபியவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். பிறகு எழுந்து, பல பத்தாண்டுகள் வாழ்ந்தார்கள். பார்க்கிற டாக்டருக்கோ செவிலியருக்கோ ஒரு போன் போட்டு, இப்படி மாற்றம் தெரிகிறது என்று சொல்லுங்கள். அவர் சொல்லட்டும்.

இப்போது அந்தக் காலைக்கே வருவோம். அத்தா கஞ்சி கேட்கிறார். என்ன செய்வது?

கஞ்சி கொடுங்கள்! நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் விழுங்கின பிறகு அடுத்த வாய். இருமினால், தொண்டையில் களகளவென்று சத்தம் வந்தால் நிறுத்திவிடுங்கள். மூன்று ஸ்பூன் போதும் என்றால் மூன்றோடு சரி. பத்து நாள் சாப்பிடாததை எல்லாம் இன்றைக்கே ஈடுகட்ட வேண்டும் என்று பிரியாணியும் குளுக்கோஸும் கொண்டுவராதீர்கள். ஆசைப்பட்டு ஒரு துண்டு மீன் கேட்டால், முள் எடுத்து மசித்து, நாக்கில் வைத்துக் காட்டுங்கள். ருசிதான் கேட்கிறார், வயிறு நிரம்பக் கேட்கவில்லை.

மருந்தை நிறுத்தாதீர்கள். "நல்லாத்தானே இருக்காங்க, எதுக்கு அந்த மாத்திரை" என்று வலி மருந்தை, குறிப்பாக மார்ஃபினை, தாங்களாகவே நிறுத்துகிற குடும்பங்கள் உண்டு. சாயங்காலம் வலி திரும்பி வரும்போது, கிடைத்த நல்ல நேரம் அலறலில் போய்விடும். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் என்றால் மட்டும், சாப்பாட்டின் அளவைச் சொல்லி, எவ்வளவு போடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உடனே வண்டி பிடித்துப் புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று ஒரு மச்சான் வருவார். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு மச்சான் இருக்கிறார், நல்ல மனுஷர்தான். முதலில் டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, அத்தாவிடமே கேளுங்கள். இன்றைக்கு அவருக்கு வாய் இருக்கிறது. ஆம்புலன்ஸில் இரண்டு மணி நேரம் குலுங்கிக்கொண்டு போவதா, இந்தத் திண்ணைக் காற்றில் இருப்பதா என்று அவர் சொல்லட்டும்.

கூட்டம் சேர்க்காதீர்கள். நோயாளியைப் பார்க்கப் போவது சுன்னத்துதான். ஆனால் தெருவே உள்ளே வந்து, ஒவ்வொருவரும் "என்னைத் தெரியுதா, நான் யாரு சொல்லுங்க" என்று பரீட்சை வைத்தால், இருக்கிற கொஞ்ச பலமும் அதிலேயே தீர்ந்துவிடும். நீங்களே பெயரைச் சொல்லிவிட்டு உட்காருங்கள். வாசலில் ஒருவரை நிறுத்தி, இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள். அவர் யாரைக் கேட்கிறாரோ அவருக்கு முதல் இடம். சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோன தம்பியைக் கேட்டால், அந்தத் தம்பியைக் கூட்டி வருவதுதான் அன்றைக்கு அந்த வீட்டின் முதல் வேலை.

செல்போன் விஷயம். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். வீடியோ கால் ஒரு ரஹ்மத்து. தாராளமாகப் போடுங்கள். போனை நேராகப் பிடித்துக் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்; அவர்கள் பேசிக்கொள்ளட்டும். ஆனால் வாப்பா கஞ்சி குடிக்கிறார் என்று படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போடுவது வேறு. அவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. புறப்பட்டு வருகிற பிள்ளையை நிறுத்தவும் வேண்டாம். "இன்னிக்கு நல்லாப் பேசுறாங்க, முடிஞ்சா இன்னிக்கே வா" என்று சொல்வதுதான் நியாயம். உடம்பு தேறிவிட்டால் வந்ததில் என்ன நஷ்டம்? ஒரு டிக்கெட் காசு.

என்ன பேசுவது என்று தெரியாமல் பலர் திணறுகிறார்கள். அவர் ஆடு, கண்மாய் என்று பேசினால் நீங்களும் ஆடு, கண்மாய் என்றே பேசுங்கள். உங்கள் மனதில் சொல்ல வேண்டியது இருந்தால் இன்றைக்குச் சொல்லிவிடுங்கள். "என்னையப் பொறுத்துக்கங்க அத்தா", "நான் உங்களப் பொறுத்துக்கிட்டேன்", "தங்கச்சிய நான் பார்த்துக்கிறேன்". இவ்வளவுதான், மூன்று நிமிஷம்கூட ஆகாது. இறந்துபோன தம் தாய் வந்து கட்டிலருகில் உட்கார்ந்திருப்பதாக அவர் சொன்னால், இல்லை என்று வாதாடாதீர்கள், பயப்படவும் வேண்டாம். என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். "நான் போயிடுவேனா?" என்று கேட்டால், "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று வாயை அடைக்காதீர்கள். "உங்களுக்கு எப்படித் தோணுதுத்தா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் பேசுவார்.

கொடுக்கல் வாங்கல் பற்றி ஒரு வார்த்தை. அவராகப் பேச்செடுத்தால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: யாருக்குக் கடன், யாருடைய அமானிதம், மனைவியின் மஹர் பாக்கி. நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது அவர்களின் கவசம் பார்லிக்காக அடகில் இருந்தது. கடன் சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. வஸிய்யத் செய்ய விரும்பினால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்பது ஸஅத் (ரலி) அவர்களுக்குக் கிடைத்த பதில். வாரிசாக வருகிறவருக்குத் தனியாக வஸிய்யத் எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். மரணப் படுக்கையில் கொடுக்கிற ஹிபாவும் மூன்றில் ஒரு பங்குக்குள்தான் செல்லும். நம் நாட்டு நீதிமன்றங்களும் அப்படித்தான் பார்க்கின்றன. ஆகவே அந்த ஒரு மணி நேரத் தெளிவில் கைநாட்டு வாங்கி எதையும் சாதித்துவிட முடியாது. கேஸ்தான் மிஞ்சும். இரண்டு சாட்சிகள், முடிந்தால் ஓர் ஆலிம், அவராக விரும்பினால் மட்டும்.

கலிமா விஷயத்திலும் நிதானம் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காதில் விழும்படி மெல்லச் சொல்லுங்கள். அவர் ஒருமுறை சொல்லிவிட்டால், "இன்னொரு தடவை சொல்லுங்க, சத்தமாச் சொல்லுங்க" என்று நெருக்கக் கூடாது என்று உலமாக்கள் எச்சரித்திருக்கிறார்கள். மூச்சு வாங்குகிறவரைப் பேசச் சொல்லி வற்புறுத்துவது எவ்வளவு சிரமம் என்று நான் செவிலியராகவும் சொல்கிறேன்.

பிறகு பெரும்பாலும் தூக்கம் வரும். அந்தத் தூக்கம் ஆழமாகும். கை கால் குளிரும், தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறும், மூச்சு நின்று நின்று வரும், தொண்டையில் கபம் கரகரக்கும். அப்போது ஊட்டுவதை நிறுத்திவிட்டு, ஈரத் துணியால் உதட்டை நனையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பேசுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2020ல் வெளியிட்ட ஆய்வில், நினைவில்லாமல் கிடந்த மரணத் தறுவாய் நோயாளிகள் சிலரின் மூளை, ஒலிக்குப் பதில் காட்டியதைக் கண்டிருக்கிறார்கள். யாஸீன் ஓதுகிற வீட்டில் ஓதுங்கள். பங்கு பிரிக்கிற பேச்சைத் தெருவுக்குக் கொண்டுபோங்கள்.

கடைசியாக, வீட்டுக்குப் போனவர்களைப் பற்றி. போன ரமலானுக்கு முன்னால் ஒரு தங்கை என்னிடம் வந்து அழுதாள். இருபது நாள் அம்மாவின் கட்டிலை விட்டு நகராதவள். அம்மா எழுந்து உட்கார்ந்து, தலை வாரிவிடச் சொல்லி, "நீ போய் பிள்ளைகளப் பாரு, நான் நல்லாருக்கேன்" என்று அனுப்பியிருக்கிறார். இவள் போனாள். அஸருக்குள் போன் வந்துவிட்டது. "நான் போயிருக்கக் கூடாதுல்ல அக்கா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அபூபக்ர் (ரலி) அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று அவளிடம் கேட்டேன். அந்தத் திங்கட்கிழமை காலை நபியவர்கள் தெளிவாக இருப்பதைப் பார்த்து, அனுமதி கேட்டுக்கொண்டு, மதீனாவின் ஓரத்திலிருந்த ஸுன்ஹ் என்ற இடத்துக்கு, தம் இன்னொரு மனைவியின் வீட்டுக்குப் போயிருந்தார்கள். உயிர் பிரியும்போது பக்கத்தில் இல்லை. ஹிஜ்ரத்தின் குகையில் கூட இருந்தவர், கடைசி நாட்களில் அந்த இடத்தில் நின்று தொழவைத்தவர், அந்த நேரத்தில் இல்லை! செய்தி கேட்டுக் குதிரையில் வந்தார்கள். யாரிடமும் பேசாமல் உள்ளே போய், முகத்தில் மூடியிருந்த துணியை விலக்கி, குனிந்து முத்தமிட்டு அழுதார்கள். ஏன் போனீர்கள் என்று ஒருவரும் அவர்களைக் கேட்டதாக நான் எங்கேயும் படித்ததில்லை. அந்தத் தங்கையிடம் இன்னொன்றும் சொன்னேன்: "அம்மா உன்னைத் தலை வாரிவிடச் சொன்னாங்களே, வாரிவிட்டியா?" வாரிவிட்டேன் என்றாள். எண்ணெய் வைத்து, நடு வகிடு எடுத்து, பின்னல் போட்டதுவரை சொன்னாள்.

உதவிக்கு யாரைக் கூப்பிடுவது என்று பலர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். 2021 ஆகஸ்ட் முதல் நடக்கும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை செவிலியர் வீட்டுக்கே வருவார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். சந்தேகம் கேட்க 104 எண் இருக்கிறது. நம் அறக்கட்டளையில் காற்று மெத்தையும், தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டிலும் இருக்கின்றன. யார் வீட்டுக்கும் தருவோம், எந்த மதத்தாருக்கும் தருவோம், வாடகை கிடையாது. திருப்பித் தரும்போது டெட்டால் போட்டுத் துடைத்து வெயிலில் காயவைத்துத் தாருங்கள். மெத்தையின் மோட்டாரை மட்டும் நனைத்துவிடாதீர்கள்.